போட்டோவில் இல்லாதவர்களுக்கும் பிரியாவிடை

 

இந்த மாதச் சுவர் இதழுக்கு, பத்தாம் வகுப்புக்குப் பிரியாவிடை என்ற தலைப்பில் ஏதாவது எழுதிக் கொடு என்று தமிழ் டீச்சர் சொன்னார்கள். நான் முதலில் ஒரு கவிதைதான் எழுதினேன். பறவை, கூடு, வானம், கண்ணீர் எல்லாம் அதில் இருந்தது. டீச்சர் படித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு. ஆனா போன வருஷமும் இதே பறவைதான் பறந்துச்சு" என்று சிரித்துவிட்டார்கள். அதனால் அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு, என் மனசில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். தவறு இருந்தால் மன்னிக்கவும். எழுத்து சின்னதாக இருக்கும், கிட்டே வந்து படிக்கவும். சார்ட்டில் இடம் போதவில்லை.

31 பேனாவா, 43 பேனாவா?

பிரிவு உபசார விழா நடத்துவது வழக்கமாக ஒன்பதாம் வகுப்பின் வேலை. இந்த வருஷம் எங்கள் முறை. ஆளுக்கு 40 ரூபாய் போடுவது என்று முடிவானது. 33 பேர் கொடுத்தோம். எங்கள் வகுப்பில் 34 பேர் ஆச்சே, ஒருத்தர் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

லட்டு, மிக்சர், டீ, அக்கா அண்ணன்களுக்கு ஞாபகமாக ஆளுக்கு ஒரு பேனா. பொதுத்தேர்வு எழுதப் போகிறவர்களுக்குப் பேனாவை விட நல்ல பரிசு என்ன இருக்கு? பேனா எத்தனை வாங்குவது என்று கேட்க, மதியம் சாப்பாட்டு நேரத்தில் நானும் இன்னொருத்தியும் பத்தாம் வகுப்புக்குப் போனோம். கிளாஸ் லீடர் அக்கா வேப்பமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார்கள்.

"அக்கா, மொத்தம் எத்தனை பேர்?"

"31 பேர்."

சொல்லிவிட்டு, கையில் இருந்த சோற்றை வாயில் வைக்காமல் ஏதோ யோசித்தார்கள். பிறகு, "ஆறாவதுல நாங்க 43 பேர்டி" என்றார்கள்.

அவ்வளவுதான், அங்கே இருந்த அக்காக்கள் எல்லாரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். விரல் விட்டு எண்ணினார்கள். ஒருத்தர் பெயரைச் சொன்னதும் இன்னொருத்தர், "ஐயோ, அவளை மறந்தே போயிட்டோமே!" என்றார்கள். 12 பேர் வந்தது. அதில் ஐந்து பேர் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கும் ஹாஸ்டலுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் எங்கேயோ நன்றாகப் படித்துக்கொண்டு இருக்கிறார்கள், சந்தோஷம். மீதி ஏழு பேர்?

இரண்டு அக்காக்கள் நூல் மில்லுக்குப் போனார்கள். ஒரு அக்காவுக்கு அம்மா உடம்பு சரியில்லை, தம்பி தங்கச்சியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். ஒரு அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. இரண்டு அண்ணன்கள் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு அண்ணன் ஒன்பதாவதில் பெயில் ஆனதும் சின்னப் பசங்களோடு உட்கார வெட்கப்பட்டு நின்றுவிட்டார், இப்போது பைக் மெக்கானிக் கடையில் இருக்கிறார்.

எண்ணி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். பிரியாவிடை என்பது யாருக்கு? கடைசி வரைக்கும் இருந்தவர்களுக்கு மட்டும்தானா?

கொரோனாவில் வந்தவர்கள்

இந்தப் பத்தாம் வகுப்பைப் பற்றி ஒரு விஷயம் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இவர்கள் நான்காவது. ஐந்தாம் வகுப்பு முழுக்க இவர்கள் வகுப்பறையையே பார்க்கவில்லை. ஆறாவதுக்கு நம் பள்ளியில் பெயர் கொடுத்த பிறகும், ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதுவரைக்கும் கல்வித் தொலைக்காட்சி. டி.வி. இருந்தவர்கள் பார்த்தார்கள். கரண்ட் இருந்தபோது பார்த்தார்கள். ஆண்ட்ராய்டு போன் இருந்த வீட்டில் அப்பா வேலைக்குப் போகும்போது போனையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அப்புறம் என்ன பாடம்?

லீடர் அக்கா சொன்னார்கள்: "முதல் நாள் எல்லாரும் மாஸ்க் போட்டுட்டு வந்தோம். பாதிப் பேருக்கு மூஞ்சியே தெரியாது. கண்ணை மட்டும் பார்த்துப் பழகினோம்." நான்கு வரி தமிழ் வாசிக்கத் திணறியவர்களும் இருந்தார்களாம். ஐந்தாவது பாடம் தெரியாமல் ஆறாவது பாடம் நடத்தினால் எப்படிப் புரியும்? இல்லம் தேடிக் கல்வி என்று 2021-ல் அரசு ஆரம்பித்த சாயங்கால வகுப்பில் கோயில் திண்ணையில் உட்கார்ந்து கூட்டல் கழித்தலிலிருந்து திரும்பப் படித்தோம் என்று சொன்னார்கள்.

அப்படி வந்தவர்கள்தான் இன்று பிதாகரஸ் தேற்றத்தைக் கரும்பலகையில் நிரூபித்துக் காட்டுகிறார்கள். சாதாரண விஷயமா? அதனால்தான் சொல்கிறேன், இந்த 31 பேரும் மார்ச்சில் பரீட்சை எழுதப் போவதே ஒரு வெற்றி. மார்க் அப்புறம்.

ஆனால் அதே கொரோனாதான் மற்ற ஏழு பேரையும் தள்ளிவிட்டது. வேலை இல்லாத வீட்டில் கடன் வந்தது. கடன் வந்த வீட்டில் பிள்ளைகளின் கையும் தேவைப்பட்டது. இரண்டு வருஷம் வீட்டிலே இருந்து பழகின பிள்ளையைத் திரும்ப பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று சிலருக்குத் தோன்றவே இல்லை. அவர்கள் சோம்பேறிகள் என்றோ, படிப்பு ஏறாதவர்கள் என்றோ யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மில்லுக்குப் போன அக்காவில் ஒருத்தர், ஏழாவதில் கணக்கில் முதல் மார்க்.

மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அக்கா

போன வருஷ விழாவில் நாங்கள் எட்டாவது. தண்ணீர் ஊற்றுவது, நாற்காலி தூக்குவது எங்கள் வேலை. குரூப் போட்டோ எடுக்க டவுனிலிருந்து போட்டோகிராபர் வந்திருந்தார். சார், டீச்சர் எல்லாரும் நாற்காலியில், உயரமான அண்ணன்கள் பின்னால் பெஞ்சு மேலே, அக்காக்கள் கீழே சமுக்காளத்தில். "எல்லாரும் இங்க பாருங்க, சிரிங்க" என்று அவர் சொன்னபோது நான் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன்.

மதில் உடைந்திருக்கும் இடத்தில், வெளியே, ஒரு அக்கா தலையில் புல்லுக்கட்டோடு நின்றுகொண்டு இருந்தார். போன வருஷம் பத்தாவதில் இருந்திருக்க வேண்டியவர். எட்டாவதோடு நின்றவர். போட்டோகிராபர் சிரிங்க என்று சொன்னதும், அவரும் சிரித்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் பார்த்தேன். கட்டு தலையில் இருக்கும்போதே சிரித்தார். அப்புறம் கட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அந்தப் போட்டோ இப்போது தலைமை ஆசிரியர் அறையில் மாட்டியிருக்கிறது. நோட்டு திருத்தக் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் பார்ப்பேன். அதில் அவர் இல்லை. ஆனால் எனக்கு மட்டும் அந்த ஓரத்தில் அவர் நிற்பது போலவே இருக்கும். அவரை "உள்ளே வாங்கக்கா" என்று கூப்பிட எனக்கு ஏன் அன்றைக்குத் தோன்றவில்லை? பயமா, வெட்கமா தெரியவில்லை. கையில் தண்ணீர்ச் சொம்பு வைத்திருந்தேன். அதையாவது நீட்டி இருக்கலாம்.

அம்மாவுக்குப் பிரியாவிடை கிடைக்கவில்லை

நம் பள்ளிக்கு இப்போது அரசு உயர்நிலைப் பள்ளி என்று பெயர்ப் பலகை இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லாரும் இன்னும் யூனியன் ஸ்கூல் என்றுதான் சொல்கிறார்கள். ஏனென்றால் முன்பு இது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எட்டாவதோடு முடிந்துவிடும். பழைய கட்டடத்தின் நெற்றியில் சுண்ணாம்புக்கு அடியில் அந்தப் பெயர் இப்பவும் லேசாகத் தெரியும்.

எங்கம்மா இங்கேதான் படித்தார்கள். 2003-ல் எட்டாவது முடித்தார்கள். ஒன்பதாவது படிக்க வேண்டும் என்றால் ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். "வயசுக்கு வந்த பொண்ணு, பஸ்ஸு தவறிட்டா என்ன பண்றது" என்று தாத்தா நிறுத்திவிட்டார்.

"அம்மா, உங்களுக்கு பிரிவு உபசார விழா நடந்துச்சா?" என்று நான் கேட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டே சொன்னார்கள்: "அதெல்லாம் யாரு நடத்துவா? கடைசியா சோஷியல் பரீட்சை எழுதிட்டு வந்தேன். அன்னைக்கு சாயந்திரமே மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போயிட்டேன். மறுநாள் இருந்து ஸ்கூலு இல்லன்னு கூட மனசுல படல. ஜூன் மாசம் மணி அடிச்சப்போதான் படுச்சு."

எங்கள் வீடு பள்ளிக்குக் கிட்டேதான். மணிச் சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்கும். இத்தனை வருஷமாக அந்தச் சத்தத்தை எங்கம்மா எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அம்மாவின் டி.சி. இன்னும் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. நடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று எழுதியிருக்கிறது.

அப்போது பள்ளி எட்டாவதோடு முடிந்தது, சரி. இப்போது பத்தாவது வரைக்கும் இதே ஊரில் இருக்கிறது. மதிய உணவு இருக்கிறது. புத்தகம், நோட்டு, பை எல்லாம் விலையில்லாமல் கொடுக்கிறார்கள். பிளஸ் ஒன் போனால் சைக்கிள் தருகிறார்கள். அப்படியும் ஏழு பேர் எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ நின்றுவிட்டார்கள் என்றால், அதைப் பற்றி நாம் பேச வேண்டாமா?

சட்டம் கையை விடும் வயசு

சமூக அறிவியல் சார் ஒரு நாள் சொன்னார்: கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. நாங்கள் எல்லாரும் கைதட்டினோம். அப்புறம்தான் நான் என் வயசைக் கணக்குப் போட்டேன். எனக்கு 14. அதாவது இத்தனை நாளாக என் கையைப் பிடித்துக் கூட்டிவந்த சட்டம், சரியாக ஒன்பதாம் வகுப்பு வாசலில் கையை விட்டுவிடுகிறது! இனிமேல் நான் பள்ளிக்கு வருவது எங்கப்பா அம்மாவின் மனசைப் பொறுத்தது, வீட்டுக் கஷ்டத்தைப் பொறுத்தது.

கல்யாணத்துக்கு வேறு சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பெண்ணுக்கு 18 வயது ஆக வேண்டும். 14-க்கும் 18-க்கும் நடுவில் நாலு வருஷம். அந்த நாலு வருஷத்தில் பள்ளியில் இருந்தால்தான் பொண்ணு 'படிக்கிற பொண்ணு'. பள்ளியை விட்டு நின்றால், 'சும்மா இருக்கிற பொண்ணு'. சும்மா இருக்கிற பொண்ணைப் பார்க்கத்தான் சொந்தக்காரர்கள் வெற்றிலைப் பாக்கோடு வருகிறார்கள்.

இது நம் ஊர் விஷயம் மட்டும் இல்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வு அன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வரவில்லை என்று செய்தி வந்தது. பட்டியலில் பெயர் இருக்கிறது, பெஞ்சில் நம்பர் ஒட்டியிருக்கிறது, ஆள் இல்லை. அந்தக் காலி பெஞ்சை எல்லாம் வரிசையாகப் போட்டால் எத்தனை பள்ளிக்கூடம் வரும்? இது பரீட்சை அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். நமக்குத்தான் முதலில் தெரியும். அதனால் நமக்கும் பொறுப்பு இருக்கிறது என்பது என் கருத்து.

சிலர் சொல்வதும், என் பதிலும்

நின்றுபோனவர்களையும் விழாவுக்குக் கூப்பிடலாம் என்று நான் வகுப்பில் சொன்னதும் பெரிய சண்டையே வந்துவிட்டது. எல்லாரும் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்.

"கூப்பிட்டா அவங்க மனசு கஷ்டப்படும்" என்றாள் ஒருத்தி. கஷ்டப்படும்தான். ஆனால் கூப்பிடாமல் இருந்தால் கஷ்டப்படாதா? வீட்டில் தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை நான் போன வாரம் மளிகைக் கடையில் பார்த்தேன். நான் ஒன்றுமே சொல்லவில்லை. அவரே கேட்டார்: "பங்ஷன் என்னைக்கு? இந்த வருஷம் என்ன கலர் புடவை?" கஷ்டப்படுகிறவர்கள் இப்படியா ஆசையாகக் கேட்பார்கள்? கேட்டுவிட்டு, கடைக்காரரிடம் கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டு போனார்.

"படிக்காம போனவங்களுக்கு மரியாதை பண்ணா, படிக்கிறவங்களும் நின்னுடுவாங்க" என்றான் ஒரு பையன். இது எனக்குச் சரியாகப் படவில்லை. லட்டுக்காகவும் பேனாவுக்காகவும் யாராவது படிப்பை நிறுத்துவார்களா? மில்லில் எட்டு மணி நேரம் நின்ற கால் எப்படி வீங்கும் என்று அந்த அக்கா ஒரு தடவை சொல்லட்டும். பத்து அறிவுரை கேட்பதை விட அது நல்லது.

"செலவு ஜாஸ்தி ஆகும்" என்றார்கள். கணக்குப் போட்டேன். பேனா பத்து ரூபாய். ஏழு பேருக்கு எழுபது ரூபாய். நாங்கள் வாங்குவதாக இருந்த பலூன், ஜிகினாக் காகிதத்தைக் குறைத்தாலே போதும்.

"போன் பண்ணா வரவா போறாங்க?" என்று கேட்டார்கள். வராமல் போகலாம். பெங்களூரிலிருந்து ஒரு விழாவுக்காக யார் வருவார்கள்? ஆனால் கூப்பிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும் அல்லவா?

என் யோசனைகள்

ஆசிரியர்கள் அனுமதித்தால் இப்படிச் செய்யலாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

1. ஆறாம் வகுப்பில் சேர்ந்த எல்லார் பெயரையும் மேடையில் வாசிக்க வேண்டும். 31 இல்லை, 43. வேறு ஊர் போனவர்கள், நின்றுபோனவர்கள் எல்லாரையும் சேர்த்து. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். பெயர் மட்டும் போதும்.

2. ஊரில் இருப்பவர்களுக்கு நேரில் போய் அழைப்பு கொடுக்க வேண்டும். அக்காக்கள் இரண்டு பேர், ஒன்பதாவதில் இரண்டு பேர், கூட ஒரு டீச்சர். டீச்சர் வந்தால்தான் வீட்டில் பேசுவார்கள்.

3. புடவை கட்டாயம் வேண்டாம். போன வருஷம் எல்லாரும் ஒரே கலர் என்று சொல்லப்போய், ஒரு அக்கா காய்ச்சல் என்று வரவில்லை. காய்ச்சல் இல்லை, அந்தக் கலரில் புடவை இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. எல்லாரும் யூனிபார்மில் வரலாம் என்று நான் சொன்னேன். என் தோழிகள், "வருஷத்துல ஒரு நாள் கட்டுறோம், அந்த ஆசையும் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார்கள். அதுவும் நியாயம்தான். அதனால், விருப்பம் உள்ளவர்கள் எந்த கலரிலும் கட்டலாம், தாவணியோ சுடிதாரோ யூனிபார்மோ எதுவானாலும் சரி. நின்றுபோன அக்காக்களும் அப்போதுதான் கூச்சமில்லாமல் வருவார்கள்.

4. திரும்பப் படிக்க வழி இருக்கிறது என்பதை அன்றைக்கே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு தனித்தேர்வராக எழுதலாம். மார்ச்சில் விட்டவர்களுக்கும் தோற்றவர்களுக்கும் சில மாதத்திலேயே துணைத் தேர்வு வருகிறது. ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 மார்க் எடுத்தால் பாஸ். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. படிப்புச் சந்தேகத்துக்கு 14417, குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இந்த இரண்டு நம்பரும் அழைப்பிதழின் பின்பக்கம் எழுதியிருக்கட்டும். பெரியவர்கள் நம்பரைப் பார்த்தாலே கொஞ்சம் யோசிப்பார்கள்.

5. குரூப் போட்டோ எடுக்கும்போது வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து நிற்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

அக்கா, அண்ணன்களுக்கு

கருத்துச் சொல்கிறேன் என்று நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நாங்கள் ஆறாவது வந்த முதல் நாள், எங்களுக்குக் குழாய் எங்கே, பாத்ரூம் எங்கே என்று காட்டியது நீங்கள். மழை பெய்து வகுப்பறை ஒழுகினபோது உங்கள் பெஞ்சில் எங்களை நெருக்கி உட்காரவைத்தது நீங்கள். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அக்கா, நான் விழுந்ததும் முதலில் சைக்கிளுக்கு அடிபட்டதா என்று பார்த்தீர்களே, அதை மட்டும் மறக்க மாட்டேன்! கபடியில் தோற்றுவிட்டு வந்த அண்ணன்கள் வேனில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்ததால், ஜெயித்துவிட்டார்கள் என்று நினைத்து நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

நீங்கள் நட்ட நாலு வேப்பங்கன்றில் இரண்டு ஆடு தின்றுவிட்டது. மீதி இரண்டும் நன்றாக இருக்கிறது. இனிமேல் தண்ணீர் ஊற்றுவது எங்கள் பொறுப்பு.

உங்கள் ஆட்டோகிராப் நோட்டில் என்னிடம் எழுதச் சொன்னவர்களுக்கு எல்லாம் நான் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: "பிளஸ் ஒன் சேர்ந்ததும் எனக்குத் தகவல் சொல்லவும்." இது என்னடி கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு என்று ஒரு அக்கா சிரித்தார்கள். சிரிக்காதீங்க அக்கா, நான் நிஜமாகத்தான் எழுதினேன். எனக்குத் தகவல் வேண்டும். பத்தாவது முடித்ததோடு, "போதும், பொண்ணுக்கு இவ்வளவு படிப்பு" என்று வீட்டில் சொன்னால், டீச்சரிடம் வந்து சொல்லுங்கள். எங்களிடமாவது சொல்லுங்கள். எங்கம்மா மாதிரி ஜூன் மாசம் மணி அடிக்கும்போது அடுப்படியில் நின்று கேட்காதீர்கள்.

17-ஆம் நம்பர்

முதலில் சொன்னேன் அல்லவா, எங்கள் வகுப்பில் 34 பேர், காசு கொடுத்தது 33 பேர் என்று. கொடுக்காதது 17-ஆம் நம்பர். என் பக்கத்தில் உட்காருபவள். அரையாண்டு லீவு முடிந்ததிலிருந்து வரவில்லை. அவள் வீட்டில் எல்லாரும் கரும்பு வெட்டப் போயிருக்கிறார்கள். கைக்குழந்தைத் தம்பியைக் கொட்டாயில் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப் போய்விட்டார்கள்.

தினமும் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 17 என்றதும் நான்தான், "ஆப்சென்ட் டீச்சர்" என்று சொல்வேன். முதலில் சாதாரணமாகச் சொன்னேன். இப்போது சொல்லும்போது தொண்டையில் என்னவோ செய்கிறது. ஏனென்றால், லீடர் அக்காவின் விரல்களில் எண்ணப்பட்ட அந்த ஏழு பேருக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும். முதலில் ஒரு வாரம் ஆப்சென்ட். அப்புறம் ஒரு மாதம். அப்புறம், "ஐயோ, அவளை மறந்தே போயிட்டோமே!"

நான் அவளுக்காகத் தனியாக ஒரு நோட்டுப் போட்டு, நடத்திய பாடங்களை எழுதி வைக்கிறேன். அறிவியலில் படம் வரைவதுதான் எனக்கு வராது, அவள்தான் நன்றாக வரைவாள். அதற்கு மட்டும் இடம் விட்டு வைத்திருக்கிறேன். முழு ஆண்டுத் தேர்வு ஏப்ரலில். அதற்குள் அவளைக் கூட்டிவர வகுப்பு டீச்சர், அவள் அப்பாவிடம் போனில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி வீட்டில் தங்கவைத்தால் அவள் வருவாள். நேரில் போக வேண்டி இருந்தாலும் நானும் எங்கம்மாவும் வருகிறோம் டீச்சர். அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லிவிட்டார்கள்.

அவளுடைய 40 ரூபாயை நான் போடலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கணக்கு நோட்டில் அவள் பெயருக்கு நேராகக் காலியாகவே இருக்கட்டும். வந்து அவளே கொடுக்கட்டும்.

அடுத்த வருஷம் இதே வேப்பமரத்தடியில் எங்களுக்குப் பிரியாவிடை நடக்கும். அப்போது ஒன்பதாவது பிள்ளைகள் யாராவது வந்து, "அக்கா, மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்பார்கள். 34 என்று நான் சொல்ல வேண்டும். இதுதான் என் ஆசை.

சென்று வாருங்கள் அக்கா, சென்று வாருங்கள் அண்ணா. தேர்வு நன்றாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தங்கை,
ஒன்பதாம் வகுப்பு, வரிசை எண் 18.